மிலாறும் பெற்றோலும்

கண்டி

அன்புள்ள மகளுக்கு,

தேயிலைக் கவ்வாத்து முடிந்த மலையிலே குவிந்து கிடக்கும் மிலாற்றை, அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகளைக் கண்டு, இவ்வளவு விறகிலிருந்தும் பெற்றோலைப் போன்றதோர் எரிபொருளை எடுக்க முடியாதா, முடியுமானால் ஏன் எவரும் எடுக்கவில்லை என்று எழுதிக் கேட்டிருந்தாய். உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கும் ஒரு பெண், அதுவும் 2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன்னே இரவு பகலாக வரிசையில் நின்ற ஜனங்களைக் கண்டு வளர்ந்த பெண், இக்கேள்வியைக் கேட்பது முற்றிலும் நியாயமே. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எடுக்க முடியும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி செலுலோசு. அதுவோ, நாம் உண்ணும் அரிசியின் மாப்பொருளைப் போலவே, குளுக்கோசு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. கோத்த விதம்தான் வேறு. அந்த ஒரு வேற்றுமையினாலேயே, மாப்பொருளை நம் உமிழ்நீரே உடைக்கத் தொடங்குகையில், செலுலோசை நம் உடல் சீரணிக்க மாட்டாது நிற்கிறது. அன்றியும் அது மரத்திலே தனித்து நிற்பதில்லை. வரிச்சுக் கட்டி மண் பூசிய பழைய வீட்டுச் சுவரில் வரிச்சு மண்ணுக்குள் மறைந்து நிற்பதுபோல, செலுலோசு இழைகள் எமிசெலுலோசினால் பிணைக்கப்பட்டு, இலிக்னின் என்னும் கடினமான பதார்த்தத்தினுள்ளே பொதிந்து நிற்கின்றன. காற்றுக்கும் கிருமிக்கும் ஈடுகொடுத்து மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்யும் இலிக்னினே, அதிலிருந்து சர்க்கரை எடுக்க முயல்பவனுக்குப் பெருந்தடையாகவும் நிற்கிறது.

இத்தடையைக் கடக்கும் முயற்சி புதியதன்று. பிரான்சு தேசத்து ஆன்றி பிரக்கோனோ என்னும் இரசாயனர் 1819ஆம் ஆண்டிலேயே கந்தைத் துணியைச் சல்பூரிக் அமிலத்தில் கரைத்துச் சர்க்கரையாக்கிக் காட்டினார். ஆயினும் அமிலத்தைவிட நுட்பமான கருவியொன்று பின்னர் அகப்பட்டது. அது அகப்பட்ட விதத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் அழுகிச் சிதைந்தன. காரணம் தேடிய விஞ்ஞானிகள் அத்துணியைத் தின்றுகொண்டிருந்த ஒரு பங்கசைக் கண்டனர். டிரைக்கோடேர்மா ரீசீ என்று பின்னாளில் பெயர் பெற்ற அப்பங்கசு சுரக்கும் நொதியங்கள் செலுலோசைக் குளுக்கோசாக வெட்டித் தருவன. படையினரின் உடைமையை அழித்த அந்தப் பங்கசின் வழித்தோன்றல்களே இன்று தொழிற்சாலைகளுக்கு நொதியம் சுரந்து கொடுக்கின்றன.

மரத்தைச் சிறு துண்டுகளாக்கி, உயர்ந்த அமுக்கத்தில் நீராவியால் அவித்து, அவ்வமுக்கத்தைச் சடுதியாகத் தளர்த்தினால் நார்கள் வெடித்துப் பிரியும். பின்பு நொதியம் சர்க்கரையாக்கும். மதுவம் அச்சர்க்கரையை எத்தனோலாக்கும். காய்ச்சி வடித்தால் எரிபொருள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: எமிசெலுலோசிலிருந்து வரும் சைலோசை ரொட்டிக்கு இடும் சாதாரண மதுவம் நொதிக்க மாட்டாது, அதற்கென விசேடமான மதுவம் வேண்டும்.

இவ்வளவும் செய்து கிடைப்பது எவ்வளவு? இந்தியாவில், அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில், 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஒயில் ஆலை, ஆண்டுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் தொன் வைக்கோலிலிருந்து 3 கோடி லீற்றர் எத்தனோல் வடிப்பதை இலக்காகக் கொண்டது. கணக்கிட்டுப் பார்: ஒரு தொன்னுக்கு 150 லீற்றர். அந்த எத்தனோலில் அடங்கிய சக்தி, அதே வைக்கோலை நேரே எரித்தால் எழும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். வயலிலே வீணாகக் கொளுத்தப்பட்டு ஊரையே புகையில் ஆழ்த்தும் வைக்கோலுக்கு அது நல்ல கதியே. ஆனால் விறகை விறகாகவே பயன்படுத்த வழியுள்ள இடத்தில் அந்த நட்டத்தை ஏற்பதற்கு நியாயமில்லை.

நம் கண்டி மலைகளில் அவ்வழி கண்முன்னே இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு நீராகத் தேயிலை ஸ்டோருக்கு வரும் கொழுந்து, மூன்று வீத ஈரத்தோடு தூளாக வெளியேற வேண்டும். அந்த நீரை ஓட்டுவதற்குத் தேவைப்படுவது வெப்பம், வெப்பத்துக்கு விறகே போதும். மிளகுக் கொடிக்குத் துணையாகவும் தேயிலைக்கு நிழலாகவும் இப்பகுதியில் நிற்கும் கிளிரிசிடியாவை 2005இல் அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் அம்மரத்தை விறகுக்கென வளர்க்கும்படி பொறியியலாளர் ரே விஜேவர்தன பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்தார். திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் உயிர்த்திணிவை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் நிலையமொன்றை நிறுவியது. கிளிரிசிடியாவின் இலை நைதரசன் செறிந்தது, ஆதலால் அது மண்ணுக்கும் ஆட்டுக்கும் உரியது. தண்டு மட்டுமே நெருப்புக்குரியது. இந்தப் பங்கீட்டை மறவாதிருந்தால், உணவுக்குரிய நிலத்தையும் கெடுக்காமல் எரிபொருளும் பெறலாம்.

இனி, மிலாற்றுக்கு வருகிறேன். அதை எவரும் பயன்படுத்தவில்லை என்பதுபோல் எழுதியிருக்கிறாயே, மகளே, அது சரியன்று. மாலையில் தலைச்சுமையாக லயத்துக்கு வரும் மிலாற்றுக் கட்டில்தான் எத்தனையோ வீடுகளின் உலை கொதிக்கிறது. மலையிலேயே கிடந்து மக்குவது அடுத்த கொழுந்துக்கு மண்ணை வளப்படுத்துகிறது. கழிவு என்று நகரத்திலிருந்து ஒருவர் பெயரிட்டுவிட்டு லொறியில் ஏற்றிச் செல்வாரானால், அந்த அடுப்புக்கு வேறு விறகு எங்கிருந்து வரும் என்பதற்கு அவரே முதலில் விடை சொல்ல வேண்டும். எரிபொருள் வடிக்க விரும்புவோர் மர ஆலைகளில் எவரும் எடுக்காது குவிந்து கிடக்கும் மரத்தூளிலிருந்து தொடங்கட்டும்.

நீயும் ஒரு சோதனை செய்து பார். பச்சை மிலாறு ஒரு கிலோ நிறுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, வாரந்தோறும் மறுபடி நிறு. எடை இறங்காது நிற்கும்போது எவ்வளவு நீர் போயிற்று என்பது தெரியும். அந்த நீரோடு எரிக்கும் ஒவ்வொரு கட்டும் வெப்பத்தில் ஒரு பங்கை ஆவிக்கே கொடுத்துவிடுகிறது. பின்பு உங்கள் ஸ்டோரில் விறகடுப்பைப் பார்க்கும் அண்ணனிடம், ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு செல்கிறது, அது உலர்ந்து வருகிறதா ஈரமாக வருகிறதா என்று கேட்டு, இரண்டு கணக்கையும் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா