கடைசி ஓவருக்குத் திரும்புதல்: முழங்கால் அறுவைக்குப் பின்

"எப்போது வேலைக்குப் போகலாம்?" முழங்கால் அறுவை முடிந்து கண் விழித்தவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவே. துறைமுகத்தில் சரக்கேற்றுபவர் கேட்கிறார். மழைக்காலம் முடிந்து உப்பளம் தொடங்கும் முன் எழுந்துவிட வேண்டும் என்று, உப்பு வாருபவர் கேட்கிறார். அவர்கள் கேட்கத் தயங்கினால், கட்டிலருகே நிற்கும் மனைவியோ தாயோ கேட்கிறார். நாட்கூலியில் நடக்கும் குடும்பத்திற்கு இது முற்றிலும் நியாயமான கேள்வி. ஆயினும் நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுட்டிக்காட்ட எங்களால் இயல்வதில்லை. அதற்கான காரணத்தை, நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்ட ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்க முயல்கிறோம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், ஆட்டத்தின் இறுதி ஓவர்களுக்கென்றே அழைக்கப்படும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர். மட்டையாளர் எதையும் அடிக்கத் துணியும் நேரத்தில், அவர் காலடியில் பந்தை இறக்கும் யார்க்கரே இவரது தொழில். தந்தை விசைத்தறித் தொழிலாளி. தாய் சாலையோரக் கடை நடத்தியவர். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடினார். அதே ஆட்டத்தில் அவரது பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது எனப் புகார் எழுந்தது. கற்ற வீச்சைக் களைந்து, புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அப்பருவத்தில் அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 இலட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்திலும் அவர் இறக்கப்படவில்லை.

பின்னர் வந்தது 2020. அப்பருவத்தில் 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். வலைப்பயிற்சியில் பந்துவீச ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், பிறர் காயமுற்றபோது அணிக்குள் வந்தார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயரோடு, பிரிஸ்பேன் டெஸ்ட்டின் முதல் இன்னிங்சில் 78 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தார்.

இனி வருவதே நமக்கான பகுதி. தாயகம் திரும்பியபின் முழங்காலும் தோளும் தொல்லை தந்தமையால், இங்கிலாந்துத் தொடரின் தொடக்க ஆட்டங்களை அவர் தவறவிட்டார். பிறகு அணியில் சேர்ந்தார். 2021 மார்ச் 28 அன்று புனேயில், கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ஓட்டங்கள் தேவைப்பட்டன. எதிரே 90 கடந்து நின்ற சாம் கரன். நடராஜன் கொடுத்தவை 6 மட்டுமே. அந்த ஓவரைக் கண்டவர் எவரும் அவர் முழங்காலில் குறை இருப்பதாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் இறுதியில், அவருக்கு முழங்கால் அறுவை நடந்தது.

ஆறு பந்துகளை வீசிவிட இயல்வது வேறு. நாள்தோறும் வீச இயல்வது வேறு. வெளியிலிருந்து நாம் யாரையும் குறைகூற முடியாது. எனினும், ஒரு நாள் நடந்து காட்டிவிட்டு "எனக்குச் சரியாகிவிட்டது" என்று கூறும் ஒவ்வொருவரிடமும் எங்களுக்கு இந்த ஓவர்தான் நினைவுக்கு வருகிறது.

தோலில் இட்ட தையல் இரண்டு வாரங்களில் ஆறிவிடும். உள்ளே நடப்பது வேறு கதை. மூட்டு வீங்கியிருக்கும்வரை, தொடையின் முன்தசையை முழுமையாக இயக்க நரம்புகள் விடுவதில்லை. அத்தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்குகிறது. அது மெலிந்தால், படியிறங்கும்போதும் படகிலிருந்து குதிக்கும்போதும் தசை ஏற்க வேண்டிய அதிர்ச்சியைக் குருத்தெலும்பு ஏற்கிறது. ஆகவேதான் முதல் வாரப் பயிற்சிகள் அற்பமாகத் தோன்றும்: காலை முழுதாக நீட்டுதல், தொடையை இறுக்கி விடுதல், நீட்டிய காலை உயர்த்துதல். இவற்றைச் செய்யத் தவறுவோரே மூன்றாம் மாதத்தில் நொண்டியபடி வருகின்றனர்.

கால அளவும் அறுவைக்கு அறுவை வேறுபடும். கிழிந்த சவ்வின் சிறு பகுதியை நீக்கியிருந்தால் சில வாரங்களில் பலர் பணிக்குத் திரும்புவர். சவ்வைத் தைத்திருந்தால் சில மாதங்கள் ஆகும். முன் சிலுவைத் தசைநாரைப் புதிதாக அமைத்திருந்தால், குதித்துத் திரும்பும் வேலைகளுக்குக் குறைந்தது 9 மாதங்கள் பொறுத்தல் நலம். முந்துவோருக்கு மீண்டும் காயமுறும் வாய்ப்பு மிகுதி. பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு மாதத்தில் போய்விட்டாரே என்று ஒப்பிடுவது பயனற்றது.

நடராஜனுக்கும் பாதை நேர்கோடாக அமையவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆடத் தயாரானபோது கொரோனா தொற்று உறுதியாகித் தனிமைப்படுத்தப்பட்டார். 2022இல் 18 விக்கெட்டுகள். 2024இல் 19, அவற்றுள் டெல்லிக்கு எதிரான ஆட்டத்தின் 19ஆம் ஓவரில் ஓர் ஓட்டமும் கொடாமல் 3 விக்கெட் எடுத்ததும் அடங்கும். டெல்லி அணி அவரை 10 கோடியே 75 இலட்சத்துக்கு எடுத்தது. 2025 பருவத்தின் பெரும்பகுதியை அவர் வெளியே அமர்ந்தே கழித்தார்.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலும் இறுதிக் கட்டத்தில் மட்டும் பந்தெறிய வருவோர் உண்டு. ஜான் ஸ்மோல்ட்ஸ் தொடக்கத்திலிருந்து நீண்ட நேரம் எறிந்தவர். 2000இல் முழங்கைத் தசைநார் அறுவைக்குப் பின், இறுதிக் கட்ட எறிவாளராக வேறு பணி ஏற்றார். 2002இல் 55 ஆட்டங்களில் தம் அணியின் முன்னிலையைக் காத்தார். 2005இல் பழைய பணிக்கே மீண்டார். இவ்வழி நம் ஊருக்கும் பொருந்தும். சுமை ஏற்றுபவர் சில மாதம் சரக்குக் கணக்குப் பார்க்கலாம். கடலுக்குச் செல்பவர் கரையில் வலை பின்னலாம். ஆனால் சம்மணமிட்டு அமர்ந்து வலை பின்னுவது, சுமை தூக்குவதைப்போலவே மூட்டுக்குத் தீங்கு. முக்காலியில் அமர்ந்து, காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "இன்னுமா படுத்திருக்கிறாய்" என்ற சொல்லும், "நீ எதையும் தொடாதே" என்ற அன்பும் ஒரே அளவு கெடுதல் செய்கின்றன. பயிற்சி வேளையில் அருகிலிருந்து எண்ணிக்கை சொல்வதே பேருதவி. கடல் கலங்கிய நாளில் சங்கு குளிப்பவர் நீரில் இறங்காதிருப்பதை இக்கரையில் யாரும் சோம்பல் என்பதில்லை.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலும், காய்ச்சல் கண்டாலும், தையலில் நீர் கசிந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ தோன்றினால் ஒரு நொடியும் தாமதியாமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். மற்றபடி, அடுத்த முறை வரும்போது உங்கள் வேலையைப் பற்றிய விவரங்களைக் குறித்து வாருங்கள்: ஏணியில் எத்தனை படி, மூட்டை எத்தனை கிலோ, ஒரு நாளில் எத்தனை முறை குந்தி எழுகிறீர்கள். பயிற்சி அறையில் அவற்றையே உங்களைச் செய்யச் சொல்லிப் பார்ப்போம். மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருக்கிறதா என்பதையும் பார்ப்போம்.