பாடம் 9: எல்லோரும் வேலை செய்யும் இடத்தில் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு வேலை

ஊர் திரும்பியதும் கூரை, கிணறு, காணி துப்புரவாக்குதல், பிள்ளைகளின் பாடசாலை என்று எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கும். வீட்டில் கால் இழந்தவர், பார்வை இழந்தவர், காது கேளாதவர் அல்லது முதுகெலும்பில் காயம்பட்டவர் ஒருவர் இருந்தால், அவருடைய தொழிலைப் பற்றிய பேச்சு கடைசியாகவே வரும். "அவர் வீட்டில் இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று குடும்பத்தார் அன்போடு சொல்வார்கள். ஆனால் வருடங்கள் போகப் போக, வேலை செய்யக்கூடிய ஒருவர் திண்ணையிலேயே இருந்து வயது போய்விடுவார். அவருக்கும் மனம் சோர்ந்துவிடும், வீட்டுக்கும் ஒரு வருமானம் இல்லாமல் போகும்.

கோழி வளர்ப்பும் பெட்டிக்கடையும் பலருக்குக் கைகொடுத்துள்ளன. ஆனாலும் எல்லோருக்கும் வியாபாரம் சரிவராது. ஒரே வீதியில் நான்கு கடைகள் திறந்தால் நான்குக்கும் நட்டம்தான். ஆகவே சங்கக்கடை, அரிசி ஆலை, தையல் நிலையம், தச்சுப் பட்டறை, ஆடைத் தொழிற்சாலை, அலுவலகம் போன்ற இடங்களில் மற்றவர்களோடு சேர்ந்து சம்பளத்துக்கு வேலை செய்யும் வழியையும் பாருங்கள். இந்தப் பாடம் அதற்கானது.

1. முதலில் வேலையைப் பிரித்துப் பாருங்கள்

"இவரால் என்ன செய்ய முடியாது?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரு வேலையை எடுத்து அதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். தச்சுப் பட்டறையில் அளத்தல், அறுத்தல், சீவுதல், பொருத்துதல், மெருகிடுதல், கணக்கு எழுதுதல் என்று பல வேலைகள் உண்டு. ஒரு கால் இழந்தவருக்கு உயரமான இருக்கை ஒன்று இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். பாரமான பலகை தூக்குவதை மட்டும் இன்னொருவர் செய்யவேண்டும்.

காது கேளாத ஒருவர் தையல் இயந்திரத்தில் மற்றவர்களைப் போலவே வேலை செய்வார். அழைப்பு மணிக்குப் பதிலாக ஒரு மின்விளக்கு எரியச் செய்தால் போதும். பார்வை இழந்தவர் பொதி செய்தல், தொலைபேசிக்குப் பதில் சொல்லுதல் போன்றவற்றைப் பழகலாம். பொருட்கள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பதே அங்கு முக்கியம். விளங்கிக்கொள்ளச் சிரமப்படுகிற இளைஞருக்கு வேலையின் படிகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொரு படியாகக் காட்டிக்கொடுங்கள்.

2. உடலையும் உபகரணத்தையும் ஆயத்தப்படுத்துங்கள்

செயற்கைக் கால் பொருந்தாமல் வேலைக்குப் போனால் ஒரு வாரத்தில் புண் வந்து வேலையும் நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கை அவயவங்களைச் செய்தும் திருத்தியும் கொடுக்கிறது. ஜெய்ப்பூர் கால் வெறுங்காலோடு நடப்பவர்களையும், சேற்றில் இறங்குபவர்களையும், சம்மணமிட்டு இருப்பவர்களையும் மனதில் வைத்து இந்தியாவில் உருவாக்கப்பட்டது. ஆகவே எமது வாழ்க்கை முறைக்கும் அது ஏற்றது.

புதிய காலைப் போட்டிருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு இரவும் எஞ்சிய காலைக் கழுவி, ஈரம் துடைத்து, சிவப்போ கொப்புளமோ உண்டா என்று பாருங்கள். சக்கர நாற்காலியில் இருந்து வேலை செய்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடலை உயர்த்தவேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

3. ஆவணங்களும் பயிற்சியும்

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஒரு கோவையில் வையுங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடம் சொல்லி உடனே விண்ணப்பியுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, "உதவி வேண்டும்" என்பதோடு "வேலை தேடுகிறோம்" என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். மாதாந்தக் கொடுப்பனவு பெறுபவர், வேலை கிடைத்தால் அதற்கு என்ன நடக்கும் என்பதையும் அவரிடமே முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் பயிற்சி நெறிகள் உண்டு. முன்பே மேசன் வேலை, தையல், மோட்டார் திருத்தல் தெரிந்தவர் மீண்டும் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. அனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை உள்ளது. அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். பயிற்சிக்கு மேல் பயிற்சி எடுத்துச் சான்றிதழ்களை அடுக்கி வைப்பதால் மட்டும் வேலை கிடைக்காது. பலருக்கு வேலைத்தலத்திலேயே, ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, அந்த வேலையைப் பழகுவதே விரைவான வழி.

4. முதலாளியிடம் பேசும்போது

இரக்கம் கேட்டுப் போகவேண்டாம். "இந்த வேலையில் இன்ன பகுதிகளை இவர் நன்றாகச் செய்வார், இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். முதலாளிக்கு இருக்கும் பயங்கள் பெரும்பாலும் மூன்று: வேலை மெதுவாக நடக்கும், விபத்து வரும், கட்டடத்தை மாற்றச் செலவாகும். இவற்றுக்குப் பதிலை முன்கூட்டியே யோசித்துப் போங்கள்.

செலவு பல இடங்களில் சிறியதே. சாய்தளத்துக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறு அடிச் சாய்தளம் போதும். அரை நாள் மேசன் வேலையில் அது முடிந்துவிடலாம். மலசலகூடத்தையும் மறக்காமல் பாருங்கள். அங்கு போக முடியாததால் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து நோயாளியானவர்களும், வேலையை விட்டவர்களும் உண்டு.

சம்பளத்தையும் முதலிலேயே பேசுங்கள். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். மாதச் சம்பளம் 20,000 ரூபா என்றால், ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரிடமிருந்து 8 வீதமாக 1,600 ரூபாவும் முதலாளியிடமிருந்து 12 வீதமாக 2,400 ரூபாவும் போகவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதமாக 600 ரூபா செலுத்தவேண்டும். "வேலை தந்ததே பெரிது" என்று இவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

5. முதல் மூன்று மாதம்

வேலையை விடுபவர்களில் பலர் தொடக்கத்திலேயே விடுகிறார்கள். வேலையைவிடப் போக்குவரத்தும், தனிமையும், மற்றவர்களின் பேச்சும்தான் அவர்களைச் சோர்வாக்குகின்றன. முதல் வாரம் வீட்டில் ஒருவர் பஸ்ஸில் கூடப் போய் வாருங்கள். மாற்றுத்திறனாளியான மகளையோ சகோதரியையோ வெளியே அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இது மிகவும் உதவும். வேலைத்தலத்தில் நல்ல மனமுள்ள ஒரு சக ஊழியரைத் துணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் "எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள். சிறு குறையைச் சிறிதாக இருக்கும்போதே தீர்த்துவிடலாம்.

6. சட்டம் உங்கள் பக்கம்

அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தைத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கவேண்டும் என்று 1988 ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொல்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியில் வெற்றிடங்களைப் பாருங்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் சென்றுவர வசதி செய்யவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அரச நிறுவனம் ஒன்று அநீதியாக மறுத்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். வழக்குத் தொடர வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

குடும்பமாகக் கலந்துரையாடுங்கள்

• எங்கள் வீட்டு மாற்றுத்திறனாளி என்ன வேலை செய்ய விரும்புகிறார்? அவரிடமே கேட்டோமா?
• எங்கள் ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் என்ன வேலைத்தலங்கள் உள்ளன?
• அந்த வேலையில் அவரால் செய்யக்கூடிய பகுதிகள் எவை? எதை மாற்றினால் மற்றவையும் முடியும்?
• எந்த ஆவணம் குறைவு? அதை எடுக்க யார், எந்த நாளில் போவது?

பதில்களை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும், முடிந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவருடைய தொழிலைப் பற்றி அவரே பேசட்டும்.