நின்ற ரயிலில் சுற்றும் விசிறி

சென்னையிலிருந்து வந்த ரயில் செகந்திராபாத் நிலையத்தில் நிற்கிறது. சக்கரம் சுற்றவில்லை. ஆனால் பெட்டிக்குள் விசிறி சுற்றுகிறது. விளக்கும் எரிகிறது. எப்படி?

பல ரயில் பெட்டிகளின் அடியில் பேட்டரிகள் உள்ளன. ரயில் ஓடும்போது அவற்றில் சார்ஜ் ஏறுகிறது. ரயில் நிற்கும்போது அவை மின்சாரம் தருகின்றன.

ரயிலுக்கும் விமானத்துக்கும் பேட்டரி செய்யும் ஒரு நிறுவனம் ஐதராபாத்தில் 1977-இல் தொடங்கியது. அதன் பெயர் எச்.பி.எல். அங்கே செய்யும் பேட்டரிகளில் ஒரு வகை நிக்கல், காட்மியம் என்ற உலோகங்களால் ஆனது. வீட்டுக்கு வருபவை வேறு வகைகள்.

டார்ச் லைட்டில் போடும் கட்டையை எல்லோருக்கும் தெரியும். சுவர்க் கடிகாரத்திலும் சிறிய கட்டை இருக்கும். அதன் வெளிக்கூடு துத்தநாகம். நடுவில் கரிக் குச்சி. சுற்றிலும் கறுப்பு மருந்து. இவை வினை புரிவதால் மின்சாரம் பிறக்கிறது. ஒரு கட்டையின் அளவு 1.5 வோல்ட். தீர்ந்த கட்டையைச் சிலர் வெயிலில் காய வைப்பார்கள். சற்று நேரம் விளக்கு எரியும். அவ்வளவுதான், போன உயிர் திரும்பாது. அதைக் கருவிக்குள்ளேயே விட்டால் துத்தநாகம் அரித்து, மருந்து கசியும். கருவி கெடும். நெருப்பில் போட்டாலோ வெடிக்கும்.

ஆட்டோ, கார், இன்வெர்ட்டர் ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது காரீய பேட்டரி. உள்ளே காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கும். ஓர் அறைக்கு 2 வோல்ட். ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ட். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டு. அது தகட்டைக் கெடுக்கும். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கொளுத்துவது ஆபத்து. அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும்.

பழைய பேட்டரியை உடைத்துக் காரீயம் உருக்குவோர் உண்டு. அந்தப் புகையும் தூசும் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பேட்டரியை விற்ற கடையே திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-இல் விதி வந்தது. 2022-இல் வந்த புதிய விதி அந்தப் பொறுப்பைத் தயாரிப்பவர் மேல் வைக்கிறது. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் விலையும் குறையும்.

கைபேசியிலும் மின் ஸ்கூட்டரிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் அடிபட்டாலோ, அளவுக்கு மேல் சூடானாலோ தீப்பிடிக்கும். அந்தத் தீ எளிதில் அணையாது. 2022 செப்டம்பர் 12 இரவு செகந்திராபாத்தில் மின் ஸ்கூட்டர் கடை ஒன்றில் தீப்பிடித்தது. மேல் மாடியில் தங்கும் விடுதி. புகை மாடிப்படி வழியே மேலே ஏறியது. 8 பேர் இறந்தார்கள். வண்டியையோ அதன் பேட்டரியையோ வாசலிலும் மாடிப்படியின் கீழும் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது என்பது இதனால்தான். தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது. உப்பிய பேட்டரிக்குச் சார்ஜ் போடவே கூடாது.

எல்லாவற்றிலும் சிறியது பொத்தான் பேட்டரி. கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கும். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அழுகிறதா என்று பார்த்துக் காத்திருக்கவும் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.