முதலில் நிறுத்தக் கற்போம்

என் தந்தையார் ஏர் பூட்டி உழுத காலத்தில், கொழு தென்னை வேரில் மாட்டிக்கொண்டாலும், உழுகிறவரே கால் இடறி மேழியின்மேல் சாய்ந்தாலும், எருதுகள் இரண்டும் யார் சொல்லையும் எதிர்பாராமல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதைச் சிறுவனாக வரப்பில் நின்று பார்த்த நான் மாட்டின் சோம்பல் என்றே நினைத்திருந்தேன். அது சோம்பலன்று, விவேகம் என்பது, அறுபது வயதைக் கடந்து, அதே நிலத்தில் பெட்ரோலில் ஓடும் 'பவர் வீடர்' என்னும் களையெடுக்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகே எனக்கு விளங்கிற்று. இயந்திரத்துக்கு வலிமை உண்டு. அலுப்பு என்பதே கிடையாது. ஆனால் எதிரே வருவது களையா, கல்லா, தன்னை ஓட்டுகிறவனுடைய காலா என்று பகுத்தறியும் சக்தி அதற்கு இல்லை. எருதுகளிடம் இயல்பாகவே இருந்த அந்தச் சக்தியை, இயந்திரத்தைப் பிடிக்கிறவன் தன் கண்ணாலும் கையாலும் ஈடுசெய்தாக வேண்டும்.

கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்தில் எனக்கிருப்பது ஒன்றரை ஏக்கர் தோட்டம். தென்னைக்கு நடுவே மஞ்சளும் காய்கறியும் ஊடுபயிர். களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட காரணத்தால் 7 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் ஒன்றை வாங்கினேன். இதில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கத்திகள் இருக்கும். மண்ணைக் கிளறுவதும், இயந்திரத்தை முன்னே இழுத்துச் செல்வதும் அந்தக் கத்திகளே. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹவர்ட் என்பவர் 1912-ஆம் ஆண்டில் தம் தந்தையாரின் பண்ணையில் நீராவி இயந்திரத்தைக் கொண்டு சுழலும் கலப்பையைச் சோதித்தபோது, முதலில் செய்த கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தன என்றும், நம் 'ட' எழுத்தைப்போல் வளைந்த கத்தியை அமைத்த பின்னரே காரியம் சித்தித்தது என்றும் படித்திருக்கிறேன். அந்த வளைவுதான் இன்றும் என் இயந்திரத்தில் இருக்கிறது. மண்ணைக் கொத்தி, பற்றி, இழுப்பதற்கென்றே ஏற்பட்ட உருவம் அது; துணியையும் தசையையும் அவ்வாறே பற்றி இழுக்கும் என்பதை ஓட்டுகிறவன் ஒரு கணமும் மறக்கலாகாது.

நான் ஒரு நாள் மறந்தேன். இந்த இயந்திரத்தின் கைப்பிடியில் ஒரு கிளட்ச் பிடி உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கத்திகள் சுழலும், விட்டால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் அழுத்தியதில் விரல்கள் மரத்துப்போகவே, அந்தப் பிடியைச் சணல் கயிற்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். தென்னையின் வட்டப்பாத்திக்குள் நுழைந்துவிட்ட இயந்திரத்தை வெளியே எடுப்பதற்காகப் பின்னோக்கும் கியரைப் போட்டுப் பின்னால் நடக்கையில், பாத்தியின் வரப்பில் குதிகால் தட்டி மல்லாந்து விழுந்தேன். கை தானாகவே பிடியை விட்டது. ஆனால் கயிறு விடவில்லை. கத்திகள் என் காலை நோக்கி ஏறி வந்து, பூட்ஸின் அடித்தோலைக் கீறிய அதே நொடியில், மண்ணுக்குள் கிடந்த தென்னை மட்டை ஒன்று கத்திகளுக்கிடையே சிக்க, இயந்திரம் திணறி நின்றது. என் கால் தப்பியது என் சாமர்த்தியத்தால் அன்று. ஒரு மட்டையின் தயவால்.

கத்தியைச் சரிபார்க்க வந்த மெக்கானிக், நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏனுங்கண்ணா, இதையா கட்டி ஓட்டினீங்க? கையை விட்டா நிக்கோணும்னுதானுங்க இதையே வெச்சிருக்கறாங்க" என்றார். இயந்திரத்தைப் பற்றி நான் கேட்ட உபதேசங்களுள் தலையாயது அதுதான். விரல் வலித்தால் இயந்திரத்தை நிறுத்தி, கையை உதறி, சற்று இளைப்பாற வேண்டும். வலியைப் போக்குவதற்காகக் காவலை அவிழ்த்துவிடக் கூடாது.

அதன்பின் நான் கைக்கொண்ட ஒழுங்குகளை, காலையில் தோட்டத்துக்குள் நுழைவதிலிருந்து வரிசையாகச் சொல்லுகிறேன்.

இயந்திரத்தைத் தொடுவதற்கு முன், உழப்போகும் இடம் முழுவதையும் வெறுங்கையோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடுவேன். கல், கம்பி, நைலான் கயிறு, உரச்சாக்கின் கிழிசல், தென்னை மட்டை ஆகியவற்றைப் பொறுக்கி வரப்பில் போடுவேன். சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி ஒதுக்குவேன். எல்லாவற்றிலும் முக்கியமானது, கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பி மண்ணுக்கடியில் எந்த வழியாகச் செல்கிறது என்று அறிந்திருப்பது. என் தோட்டத்தில் அது செல்லும் பாதை நெடுக முளைக்குச்சிகளை அடித்து வைத்திருக்கிறேன். அவற்றுக்கு இரு புறமும் மூன்றடிக்குள் இயந்திரம் போவதில்லை, மண்வெட்டியும் பார்த்தே விழும்.

அடுத்தது மண்ணின் பதம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, கட்டைவிரலால் அழுத்தினால் உதிர்ந்துவிட வேண்டும். களிபோல் ஒட்டுமானால் கத்திகளில் அப்பிக்கொள்ளும். காய்ந்து இறுகியிருக்குமானால் கத்தி உள்ளே இறங்காமல் மண்ணின்மேல் உருண்டு, இயந்திரம் துள்ளி முன்னே ஓடும். எங்கள் செம்மண்ணில் சரளையும் கலந்திருப்பதால், முதல்நாள் மாலை இலேசாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் ஓட்டுவது உத்தமம் என்று கண்டேன். பாதி அபாயம் பதம் தவறிய மண்ணில்தான் பிறக்கிறது.

உடையின் விஷயத்தில் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டியும், தோளில் தொங்கும் துண்டும், முந்தானையும் இந்த வேலைக்கு ஆகா. கணுக்காலில் இறுகிய முழுக்கால்சட்டை, உறுதியான பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான் இவை வேண்டும். அன்று வெறுங்காலோடு நின்றிருந்தேனானால் மட்டையின் தயவும் பயன்பட்டிராது. மண்ணில் உலவும் கத்தி என்பதால், சிறு கீறலையும் அலட்சியம் செய்யாமல் கழுவி, ரண ஜன்னிக்கான தடுப்பூசியைக் காலம் தவறாமல் போட்டுக்கொள்வதும் இதில் அடங்கும்.

பெட்ரோல் நம் அன்றாட வாழ்வில் பழகிப்போன பொருளாகையால், அதன் சுபாவத்தை நாம் மறந்துவிடுகிறோம். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதாதலால், கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி நிற்கும். ஆகவே சூடான இயந்திரத்தில் ஒருபோதும் ஊற்றுவதில்லை. நிறுத்தி, சைலன்சர் ஆறும்வரை காத்திருப்பேன். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். தாகத்தில் யார் எடுத்துக் குடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல், சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடியாவது தள்ளிக் கொண்டுபோன பிறகே இயக்குவேன். மழை வந்தாலும் கொட்டகைக்குள் வைத்து ஓட்டிப் பார்ப்பதில்லை. புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது மயக்கிய பிறகு எச்சரிக்கை பயன்படாது.

இயக்கும்போது, சமதரையில் எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்த்து, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கயிற்றை மெதுவாக இழுத்து, தடை தட்டுப்பட்டதும் நீளமாக ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. எஞ்சின் சில சமயம் எதிர்த்துச் சுண்டும், அப்போது மணிக்கட்டும் கூடவே போகும்.

ஓடத் தொடங்கிய பின் இயந்திரத்தை ஆள்வது தோள்வலிமையன்று. பின்னால் மண்ணில் ஊன்றி வரும் ஆழக் கம்பிதான். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் கம்பி ஆழ ஊன்றி, ஓட்டம் தணிந்து, கத்திகள் நின்று கிளறும். தூக்கினால் கம்பி மேலெழ, இயந்திரம் முன்னே ஓடும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் ஓடுகிற இயந்திரத்தைப் பின்னால் இழுத்து மல்லுக்கட்டுவார்கள். நானும் அவ்வாறே செய்து முதுகு வலி கண்டேன். இழுக்க வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். கெட்டியான நிலத்தில் முதல் நடையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாமல், இரண்டாம், மூன்றாம் நடைகளில் ஆழத்தைக் கூட்டினால், துள்ளலும் குறையும், மண்ணும் நன்றாகப் பொலபொலக்கும்.

பின்னோக்கிச் செலுத்துவதைக் கூடியமட்டும் தவிர்க்கிறேன். தவிர்க்க இயலாத இடத்தில், முதலில் நிறுத்தி, திரும்பிப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் மரமோ, வரப்போ, கிணற்றுச் சுவரோ இல்லை என்று கண்ட பிறகு, எஞ்சின் வேகத்தை மிகக் குறைத்து, சிற்றடி வைத்து நகர்வேன். வட்டப்பாத்திக்குள் இப்போது இயந்திரத்தை விடுவதே இல்லை. மரத்தைச் சுற்றிய இரண்டு முழ நிலத்தைக் களைக்கொத்தால் சுரண்டிவிடுகிறேன்.

கத்தியில் கோரைப்புல்லோ கயிறோ சுற்றிக்கொண்டால், "ஒரு நிமிஷ வேலைதானே" என்ற எண்ணம் வரும். கை போவது அந்த ஒரு நிமிஷத்தில்தான். எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி, கையுறை அணிந்து, அதன் பிறகே கத்தியைத் தொடவேண்டும். இறுகிச் சிக்கிய கல்லை விடுவிக்கையில் கத்தி திடீரென்று சுழலக்கூடுமாதலால், விரலால் தோண்டாமல் ஒரு கட்டையால் நெம்பி எடுப்பேன்.

குழந்தைகளையும் கன்றுகாலிகளையும் வேலை முடியும்வரை தோட்டத்துக்கு வெளியே நிறுத்துவதும், முக்கால் மணிக்கொருமுறை கைநடுக்கம் தணிய உட்காருவதும், வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதும், நெடுநாள் ஓட்டாமல் வைப்பதாயின் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை வடித்துவிட்டு வைப்பதும் சிறிய காரியங்களே. எனினும் மறுமுறை இயந்திரமும் மனிதனும் தடுமாறாமல் இருக்க அவை உதவுகின்றன.

சென்ற ஆவணியில் என் மகன் இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள வந்தான். எஞ்சினை இயக்காமலே, ஈர மண்ணில் நிறுத்தி, கிளட்ச் பிடியை அழுத்தி, நான் கை தட்டியதும் விடச் சொன்னேன். இருபது முறை, முப்பது முறை, அவன் சிந்திக்காமலே விரல்கள் விரியும்வரை அதையே செய்யச் சொன்னேன். "எதுக்குங்கப்பா இத்தனை தடவை?" என்று கேட்டான். அவனுடைய பாட்டனார் 'ஹோ' என்று ஒரு குரல் கொடுத்தால் இரண்டு எருதுகள் நின்றதை அவன் பார்த்ததில்லை. இந்த இயந்திரத்துக்குக் காது இல்லையப்பா, அந்த 'ஹோ' இனி உன் விரலில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, மறுபடியும் கையைத் தட்டினேன்.