சாண்டர் தேய்க்கவில்லையா? மோட்டாரை விட்டுப் பேடைப் பாருங்கள்
(நம்பிக்கைகளும் உண்மைகளும்)

சாண்டர் முன்போல் தேய்க்கவில்லை என்றதும் பழி முதலில் விழுவது மோட்டார் மேல்தான். "மோட்டார் வீக் ஆயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லவும் ஆள் இருப்பார்கள். 125 மி.மீ. வட்டத்தாள் ஒட்டும் ரேண்டம் ஆர்பிட் சாண்டரைப் பொறுத்தவரை இது அவசரத் தீர்ப்பு. இந்த மிஷின் பெரும்பாலும் கீழிருந்து மேலாகத் தேய்கிறது. பேடு, அதன் மேலிருக்கும் ரப்பர் வளையம், பேடைத் தாங்கும் பேரிங், கார்பன் பிரஷ், அதற்கெல்லாம் பிறகுதான் மோட்டார். பழுதையும் அந்த வரிசையிலேயே தேடுங்கள்.

மிஷின் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மோட்டார் தண்டின் நுனியில் மையம் விலகி ஒரு பேரிங் இருக்கிறது. பேடு அதில்தான் மாட்டியிருக்கும். தண்டு சுற்றும்போது பேடு இரண்டரை, மூன்று மி.மீ. அகலத்துக்குக் குட்டி வட்டம் போடும். பல மிஷின்களில் இந்த வேகம் நிமிடத்துக்கு 12,000 வரை போகும். கூடவே பேடு தன்பாட்டில் மெதுவாகச் சுழலவும் செய்யும். இந்தச் சுழற்சியை மோட்டார் நேரடியாகக் கொடுப்பதில்லை, பேரிங்கின் இழுவையில் வருகிறது. இரண்டு அசைவும் கலப்பதால்தான் ஒரே இடத்தில் கோடு விழாமல் மரம் வழவழப்பாகிறது.

நம்பிக்கை: தேய்க்கவில்லை என்றால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அழுத்தினால் பேடின் சுழற்சி நின்றுவிடும். குட்டி வட்டம் மட்டும் மிஞ்சும், மரத்தில் சுருள் சுருளாகக் கீறல் விழும். பேடின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு மிஷினை ஓட்டிப் பாருங்கள். தேய்க்கும்போது அந்தக் கோடு மெல்லச் சுற்றி வரவேண்டும். நின்றுவிட்டால் உங்கள் கை பாரம் அதிகம் என்று பொருள். மிஷினின் எடையோடு கையைச் சும்மா வைத்தாலே போதும்.

நம்பிக்கை: உப்புத்தாள் கழன்று பறந்தால் தாள் மட்டரகம்.

புதுத்தாளும் நிற்கவில்லை என்றால் குற்றம் பேடில்தான். பேடின் முகத்தில் இருக்கும் வெல்க்ரோ கொக்கிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அழுத்தமும் சூடும் சேர்ந்தால் அவை உருகி மழுங்கிவிடும். மிஷினைச் சாய்த்து ஓரத்தால் தேய்ப்பவர்களுக்கு வெளிவட்டக் கொக்கிகள்தான் முதலில் போகும். பேடின் துளையும் தாளின் துளையும் பொருந்தாமல் ஒட்டினால் தூசி வெளியேற வழியின்றிச் சூடு இன்னும் ஏறும். சிலர் பசை தடவித் தாளை ஒட்டுகிறார்கள். அடுத்த தாள் மாற்றும்போது பேடின் முகமே பிய்ந்து வரும். மூன்று நான்கு திருகோ நடுவில் ஒரே திருகோ கழற்றினால் பேடு கையோடு வந்துவிடும், புதியதை மாட்டுவதும் அவ்வளவு எளிது. அந்த மாடலுக்கான பேடாகவே வாங்குங்கள். உள்ளே இருக்கும் எதிர்எடை அந்தப் பேடின் எடையைக் கணக்கிட்டு அமைத்தது. கனமான பேடை மாட்டினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும்.

நம்பிக்கை: பேடுக்கு மேலிருக்கும் ரப்பர் வளையம் தூசி மறைப்புதான், கிழிந்தால் பிய்த்துப் போடலாம்.

இவற்றில் அதிகச் சேதம் செய்வது இந்த நம்பிக்கைதான். அந்த வளையம் பேடின் பிரேக். அது இல்லையென்றால், மிஷினை மரத்திலிருந்து தூக்கியதும் பேடைத் தடுக்க எதுவும் இருக்காது. பேரிங்கின் இழுவையில் அது வேகம் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் மோட்டாரின் வேகத்தை நெருங்கிவிடும். அந்த வேகத்தோடு மீண்டும் மரத்தில் வைத்தால், நொடியில் பிறைவடிவக் குழி விழும். பாலிஷுக்குத் தயாரான மேசைப் பலகையில் அப்படி விழுந்த குழியை எடுக்க, பலகை முழுவதையும் மறுபடி 80 நம்பர் தாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மெனக்கெட்டு வேலை செய்தவருக்கு அது எவ்வளவு வலி! சோதிப்பது எளிது. ஓடும் மிஷினைத் தூக்கிப் பிடியுங்கள். பேடு நிதானமாகச் சுற்றினால் வளையம் நன்றாக இருக்கிறது. ஊளையிட்டபடி வேகம் ஏறிக்கொண்டே போனால் தேய்ந்துவிட்டது. பேடு மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுவது நல்லது.

நம்பிக்கை: கரகரவென்று சத்தம் வந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும்.

அன்று சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் சத்தம் எழுப்பும் பேரிங்குகள் ஆயுளுக்கும் சேர்த்துக் கிரீஸ் அடைத்து மூடப்பட்டவை. மெல்லிய எண்ணெயும் துரு நீக்கும் ஸ்ப்ரேயும் அந்தக் கிரீஸைக் கரைத்துவிடும். கசிந்த ஈரத்தில் மரத்தூள் ஒட்டிக்கொண்டு, பேரிங்கை அரைக்கும் களிம்பாகிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேடைக் கையால் சுற்றுங்கள், மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். சொரசொரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங்கை மாற்றுவதுதான் வழி. பேரிங்கின் பக்கவாட்டிலேயே நம்பர் இருக்கும். 608 என்றால் உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ.; 6001 என்றால் 12, 28, 8. அந்த நம்பரைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ZZ என்று முடிந்தால் தகர மூடி, 2RS என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. தூசியில் உழலும் இந்த மிஷினுக்கு ரப்பர் மூடியே ஏற்றது.

பொருத்தும்போது சுத்தியலால் கண்ட இடத்தில் தட்டக் கூடாது. தண்டில் ஏற்றினால் உள்வளையத்தை மட்டும் தள்ளுங்கள், கூட்டுக்குள் இறக்கினால் வெளிவளையத்தை மட்டும். மாறித் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பள்ளம் விழும், புதுப் பேரிங் முதல்நாளே கத்தும். சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டும் ஒரு வைஸும் இருந்தால் வீட்டிலேயே முடியும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர்களின் வரிசை மாறினால் பேடு உரசும். கழற்றும்போது மூக்கை மூடும் நல்ல மாஸ்க் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது, திறந்த மிஷினுக்குள் இருப்பதோ மிக நுண்ணிய தூள்.

நம்பிக்கை: ஓடிக்கொண்டிருந்தபோதே சட்டென்று நின்றால் மோட்டார் எரிந்துவிட்டது.

எரிந்த வாடை இல்லையென்றால் கார்பனைப் பாருங்கள். சில மிஷின்களில் கார்பன் குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் தானாகவே தொடர்பைத் துண்டிக்கும் வகை இருக்கும். மற்றவற்றில் ஐந்தாறு மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு கார்பனையும் சேர்த்தே மாற்றுங்கள். கார்பன் கூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கார்பன் சரியாக இருந்தால் வயர் மிஷினுக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கலாம், சுவிட்சில் தூள் அடைத்திருக்கலாம். சிறு நீலப்பொறி இயல்புதான். கார்பன் உரசும் கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் போலப் பொறி ஓடினால், மல்டிமீட்டரால் அடுத்தடுத்த செம்புப் பட்டைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் தனித்து மாறினால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் போய்விட்டது. அப்போது ஆர்மேச்சரின் விலையையும் புது மிஷினின் விலையையும் கேட்டுப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் நான் புதியதையே வாங்குவேன்.