பேசாத குழந்தையின் குரல்

பேச இயலாத குழந்தை, தனக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை எவ்வாறு தெரிவிக்கும்? அதன்முன் படங்கள் கொண்ட ஒரு பலகை வைக்கப்படுகிறது. குவளை, உணவு, பந்து, அம்மா எனப் பல படங்கள் அதில் உள்ளன. குழந்தை குவளையின் படத்தை விரலால் தொடுகிறது. விரல் அசையாவிடில், கண்ணால் நோக்கிக் காட்டுகிறது. இதுவே தொடர்புப் பலகை. சென்னையிலுள்ள வித்யாசாகர் என்னும் நிறுவனம் இத்தகைய வழிகளில் குழந்தைகளுக்குக் கல்வி அளித்து வருகிறது.

அந்நிறுவனத்தை 1985ஆம் ஆண்டு தோற்றுவித்தவர் பூனம் நடராஜன். அவருடைய மகனுக்கு மூளை முடக்குவாதம் இருந்தது. வளரும் மூளை பாதிக்கப்படுவதால் உடல் அசைவும், சிலருக்குப் பேச்சும் தடைப்படும் நிலை அது. அது தொற்றுநோய் அன்று. பேச்சு வராததால் ஒருவருக்கு அறிவு இல்லை என்று கருதுதல் தவறு. தம் மகனுக்காக வழி தேடிய அத்தாய், பிறர் பிள்ளைகளுக்கும் வழி அமைத்தார்.

இத்தகைய குழந்தைகளின் பெற்றோரை ஒரு கவலை வாட்டும். "எங்கள் காலத்திற்குப் பின் எம் பிள்ளையை யார் காப்பார்?" என்பதே அது. இக்கவலையைக் கருத்தில்கொண்டு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு உரியது இச்சட்டம். 18 வயது நிறைந்தபின்னும் துணை தேவைப்படுவோருக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க இது வழிசெய்கிறது. பூனம் நடராஜன் பின்னர் அவ்வறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுடைய குழந்தைகள் 6 முதல் 18 வயதுவரை கட்டணமின்றிக் கல்வி பெறலாம். முன்பு இரக்கத்தால் கிடைத்தது, இன்று உரிமையாயிற்று.

இவ்வுரிமை சென்னைக்கு மட்டும் உரியதன்று. மாயாபந்தரில் வாழும் குழந்தைக்கும் கார் நிகோபாரில் வாழும் குழந்தைக்கும் அது உண்டு. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. பள்ளி வாயிலில் சாய்தளம் வேண்டும். சக்கர நாற்காலியுடன் கப்பலேற வழி வேண்டும். வகுப்பில் அருகே அமரும் தோழமை வேண்டும். மெல்லப் பேசுபவர் சொல்லி முடிக்கும்வரை, இடைமறிக்காது காத்திருத்தல் வேண்டும். அதற்குப் பணம் வேண்டா, பொறுமை போதும்.

சொல்லும் பொருளும்
தோற்றுவித்தல் – தொடங்குதல்
காப்பாளர் – பாதுகாப்பவர்
சாய்தளம் – சக்கர நாற்காலி ஏறும் சரிவான பாதை
இடைமறித்தல் – நடுவே குறுக்கிடுதல்

விடை எழுதுக
1. தொடர்புப் பலகை எவ்வாறு பயன்படுகிறது?
2. பெற்றோரை வாட்டும் கவலை யாது?
3. இரக்கத்திற்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

செய்து பார்
உன் வகுப்பறைக்கு ஏற்ற தொடர்புப் பலகை ஒன்றை எட்டுப் படங்களுடன் வரைக. ஒரு வேளை உணவின்போது பேசாமல் அதனைக்கொண்டே உன் தேவைகளைத் தெரிவித்துப் பார்.