டேப் பழசாயிடுச்சா?

ஜவுளிக்கடை ஒன்றுக்கு நாங்கள் பிளட்டரில் செய்துகொடுத்த டேப்லெட் ஆப் அது. ஒரே கோடு, ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் ஓடும். விற்பனைக்கு நிற்கும் பெண் விரலால் தள்ளத் தள்ளச் சேலைகள் வரிசையாக மேலே போக வேண்டும். போயின, ஆனால் திக்கித் திக்கி. ஐந்தாறு வரிசை தாண்டியதும் அப்படியே நின்றுவிடும், பிறகு நாலு சேலையைத் தாண்டி ஒரே குதி. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, டேப் பழசாயிடுச்சா? எல்லாத்தையும் மாத்திடலாமா?" என்றார். கடையில் பத்து டேப்லெட் இருந்தன.

நம்பிக்கை: புது டேப்லெட் வாங்கினால் லேக் போய்விடும்.

சேலைகளைப் படம் எடுத்தவர் செல்போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார். 4000-க்கு 3000 பிக்ஸல். ஃபைல் அளவு 3 எம்.பி.தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் ஜேபெக் என்பது மடித்துவைத்த சேலை. திரையில் காட்ட வேண்டுமென்றால் பிரித்துப் போட்டாக வேண்டும். பிரித்தால் பிக்ஸலுக்கு 4 பைட் வீதம் 1.2 கோடி பிக்ஸலுக்கு 48 எம்.பி. ரேம். திரையில் ஒரே சமயத்தில் 12 சேலை தெரிகிறது என்றால் 576 எம்.பி. இவ்வளவையும் பிரித்து, கிராபிக்ஸ் சிப்பிடம் தூக்கிக் கொடுத்து, மேலே போனதைத் தூக்கிப்போட்டு, அடுத்ததைப் பிரித்து... எல்லாம் விரல் நகர்ந்துகொண்டிருக்கும்போதே. ஒரு சேலைக்கு ஒதுக்கிய கட்டமோ 400 பிக்ஸல் அகலம்தான்!

சர்வரிலேயே 400-க்கு 300 அளவில் சின்னப் படம் செய்து அனுப்பினோம். ஒரு படத்துக்கு 480 கே.பி., பழையதில் நூறில் ஒரு பங்கு. சேலையைத் தொட்டால் மட்டும் பெரிய படம் வரும், ஜரிகையைப் பார்ப்பதற்கு. சர்வரில் கைவைக்க முடியாதவர்களுக்குப் பிளட்டரில் 'கேஷ்விட்த்' என்றொரு அளவு இருக்கிறது. அதைக் கொடுத்தால் பிரிக்கும்போதே சின்னதாகப் பிரித்துக்கொள்ளும். அதே பழைய டேப்லெட்டில் பட்டியல் வழுக்கிக்கொண்டு போனது.

புது டேப்லெட் வாங்கியிருந்தால் வேறொரு வினையும் வந்திருக்கலாம். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும், அதாவது ஒரு பிரேமை வரைந்து முடிக்க ஆப்புக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. ஐபேட் ப்ரோ 2017-லேயே 120-க்குப் போய்விட்டது. அதில் கெடு 8.3 மில்லி விநாடி. விலை ஏற ஏறக் கெடு சுருங்குகிறது. பழைய திரையில் 12 மில்லி விநாடியில் தப்பித்துக்கொண்டிருந்த வேலை, புதுத் திரையில் பிரேமைத் தவறவிடலாம்.

நம்பிக்கை: ஒரே கோடு பல கருவிகளில் ஓடும் கிராஸ் பிளாட்பார்ம் என்றாலே இழுக்கும், ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதும் நேட்டிவ்தான் கதி.

இது வெறும் வதந்தி இல்லை, ஒரு காலத்து உண்மை. எச்.டி.எம்.எல். 5-ஐ அளவுக்கு மீறி நம்பியதுதான் தங்கள் நிறுவனத்தின் பெரிய தவறு என்று 2012-ல் மார்க் ஸக்கர்பெர்க்கே மேடையில் சொன்னார். ஃபேஸ்புக்கின் ஐஓஎஸ் ஆப்பை அந்த ஆண்டு நேட்டிவில் திரும்ப எழுதினார்கள். ஆப்புக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் அன்றைய வெப்வியூவுக்கு ஆப்பிள் சஃபாரியின் வேகமான ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினைத் தரவில்லை. தொட்டால் இரட்டைத் தட்டோ என்று 300 மில்லி விநாடி காத்திருந்து பார்க்கும் வழக்கம் வேறு. 2014-ல் ஐஓஎஸ் 8-ல் புது வெப்வியூ வந்ததும் எஞ்சின் குறை தீர்ந்தது. அந்தக் காத்திருப்பும் பிறகு ஒழிந்தது.

வேடிக்கை என்னவென்றால், 2015-ல் ரியாக்ட் நேட்டிவை வெளியிட்டது அதே ஃபேஸ்புக். அதில் பட்டன்கள் அசல் நேட்டிவ் பட்டன்கள், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் மட்டும் ஒரு பாலத்தின் வழியாக அவற்றோடு கடிதப் போக்குவரத்து நடத்தும். ஸ்க்ரோல் செய்யும்போது அந்தப் பாலத்தில் நெரிசல். 2024-ல் வந்த 0.76 பதிப்பு முதல் பாலம் இல்லாத புதுக் கட்டமைப்பே இயல்பாகிவிட்டது. பிளட்டரின் பாதை வேறு: யாரிடமும் பட்டன் கேட்காமல் திரை முழுவதையும் தானே வரைந்துகொள்ளும். வெப்வியூ, ரியாக்ட் நேட்டிவ், பிளட்டர் மூன்றையும் ஒரே பெயரில் திட்டுவது நியாயமில்லை.

நம்பிக்கை: 'அவெய்ட்' போட்டுவிட்டால் வேலை பின்னால் நடக்கும்.

நாலு வருஷம் அனுபவமுள்ளவர்களே இதில் சறுக்குகிறார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், பால் தானாகக் காயும். வெங்காயம் அப்படியில்லை, உங்கள் கைதான் நறுக்க வேண்டும். சர்வரிலிருந்து ஸ்டாக் பட்டியல் வருவது பால். வந்த ஐயாயிரம் வரி ஜேஸானைப் பிரித்துப் பொருள் பொருளாக அடுக்குவது வெங்காயம். அவெய்ட் என்று எழுதினாலும் திரையை வரையும் அதே கைதான் நறுக்குகிறது, அதுவரை திரை உறையும். பிளட்டரின் மொழியான டார்ட்டில் ஐசொலேட் என்று இன்னொரு ஆளை வைத்தால்தான் கை ஓயும்.

நம்பிக்கை: என் லேப்டாப்பில் நன்றாக ஓடியது.

டேப்லெட் போல நடிக்கும் எமுலேட்டர் ஓடுவது உங்கள் லேப்டாப்பின் பிராசஸரில், அதனால் இருப்பதைவிட நன்றாகத் தெரியலாம். அதற்கு நேர்மாறாக, பிளட்டரின் டீபக் பதிப்பு ஆயிரம் சோதனைகளைச் சுமந்துகொண்டு ஓடுவதால் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். இரண்டையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், அசல் கருவியில் புரொஃபைல் பதிப்பைப் போட்டு, எந்த பிரேம் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று பாருங்கள்.

முதலாளியிடம் கேட்டு அந்தப் பத்தில் ஒரு டேப்லெட்டை வாங்கிவந்துவிட்டோம், மூலையில் கீறல் விழுந்த, இருப்பதிலேயே மெதுவானது. இப்போது எந்த ஆப் செய்தாலும் முதலில் ஏறுவது அதில்தான்.